கேம் கன்சோலில் படம் வாடகைக்கு எடுப்பதும் வாங்குவதும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் கெட்ட செய்தி. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் படமும் தொடரும் விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் சோனி 2021 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலை 18-இல் அதையே செய்தது. நின்டென்டோ ஸ்விட்சில் அப்படியொரு சினிமாக் கடை இருந்ததே இல்லை. ஆகவே "ஸ்டோரைத் திறந்து மூவீஸ் பகுதிக்குப் போங்கள்" என்று தொடங்கும் பழைய குறிப்புகளை நம்பி மெனுவைத் துழாவினால் நேரம்தான் வீண்.

ஆனாலும் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வரவேற்பறை டிவியோடு ஏற்கெனவே ஒரு பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் இருக்கிறதென்றால், படம் பார்க்கத் தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கத் தேவையில்லை. கடை கன்சோலுக்குள் இருந்து ஆப்களுக்குள் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆப்பிள் டிவி ஆப் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் 2020 நவம்பர் முதல் இருக்கிறது. யூடியூபில் காசு கொடுத்து எடுத்த படங்கள் யூடியூப் ஆப்பிலேயே ஓடும். கூகுள் பிளேயில் முன்பு வாங்கியவையும் இப்போது அங்கேதான். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மாதச் சந்தா. ஒரு படத்துக்கு மட்டும் காசு கட்டுவது வேறு. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

காசு கட்டுமுன்: கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது?

இந்த விஷயத்தில் வரும் தலைவலிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது. படம் வாங்கும்போது கடை பார்ப்பது நீங்கள் டர்பனில் உட்கார்ந்திருப்பதை மட்டுமல்ல, உங்கள் கணக்கு எந்த நாட்டுக் கடையில் பதிவாகியிருக்கிறது என்பதையும். கூடுதல் விளையாட்டுகள் கிடைக்கும் என்று அமெரிக்க முகவரி கொடுத்து பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கியவர்கள் இங்கே நிறைய. அந்தக் கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது; புதுக் கணக்குதான் வழி. படத்துக்கு அது பெரிய தடையல்ல, ஏனென்றால் படத்தை விற்பது சோனி இல்லையே. ஆனால் ஒரு ஆப் எந்த நாட்டு பிளேஸ்டேஷன் ஸ்டோரில் கிடைக்கும் என்பதை அந்தக் கணக்கு தீர்மானிக்கிறது. தேடும் ஆப் கண்ணில் படவில்லையென்றால், கன்சோலிலேயே தென்னாப்பிரிக்க முகவரியோடு இன்னொரு பயனரைச் சேர்த்து, அவர் வழியாக ஆப்பை இறக்குங்கள்.

எக்ஸ்பாக்ஸில் இடத்தை மாற்றலாம்: செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜ் அண்ட் லொக்கேஷன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற விடும்.

ஆப்பிள் கணக்கில் கவனம் அதிகம் வேண்டும். நாட்டை மாற்ற, கணக்கில் மீதிப் பணம் ஏதும் இருக்கக்கூடாது, சந்தாக்களை ரத்து செய்திருக்க வேண்டும், எடுத்த வாடகைகள் முடிந்திருக்க வேண்டும். மாற்றியபின், பழைய நாட்டில் வாங்கிய படம் புதிய நாட்டுக் கடையில் இல்லையென்றால் மீண்டும் இறக்க முடியாமல் போகலாம். கூகுள் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே நாட்டை மாற்றலாம். அந்த நாட்டில் நீங்கள் இருக்கவும் வேண்டும், அந்த நாட்டுக் கார்டும் வேண்டும். சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் கணக்கைக் கடன் வாங்கிப் படம் வாங்குவது இதனால்தான் வேண்டாம் என்கிறோம். படம் அவர் பெயரில் சேரும், உங்கள் பெயரில் அல்ல. இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டாலும் கணக்கின் நாடு மாறாது.

கார்டு

விலை ராண்டில் காட்டப்பட்டாலும், பணத்தை வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் சில வங்கிகள் சர்வதேசப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று தனியாகச் சிறு தொகை பிடிக்கும். முதல் பில் வந்ததும் ஸ்டேட்மெண்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னணுச் சேவைகளுக்கும் இந்நாட்டில் 2014 ஜூன் 1 முதல் வாட் வரி உண்டு. விகிதம் இப்போது 15 சதவீதம்.

கார்டைச் சேர்க்கும் வேலையைக் கன்சோலின் திரையில் செய்யாதீர்கள். ஃபோனிலோ கணினியிலோ செய்யுங்கள். வங்கி ஆப்பில் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு வரும்; அதைத் தட்டுவதற்குள் கன்சோல் திரை நேரமுடிந்து பிழை காட்டிவிடும். "கார்டு நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வங்கி ஆப்பில் ஆன்லைன் அல்லது சர்வதேசக் கொள்முதல் வரம்பு பூஜ்யமாக இருக்கிறது; விர்ச்சுவல் கார்டின் சிவிவி எண் மாறிக்கொண்டே இருப்பதால் சேமித்த விவரம் பழசாகிவிட்டது; அல்லது கணக்கின் நாடும் கார்டின் நாடும் பொருந்தவில்லை. கார்டைச் சேர்த்தவுடன் சின்னத் தொகை ஒன்று பிடிபட்டதுபோல் தெரிந்தால் பதறவேண்டாம். அது சரிபார்ப்பு, திரும்பிவிடும்.

பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் கிஃப்ட் கார்டு வாங்கி அந்தப் பணத்தில் படம் எடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். வாலட்டில் இருக்கும் அந்தப் பணம் ஆப்பிளுக்கும் போகாது, யூடியூபுக்கும் போகாது.

பிஎஸ்5-இல் படிப்படியாக

1. முகப்புத் திரையில் மேலே "கேம்ஸ்", "மீடியா" என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். "மீடியா"வுக்குப் போங்கள். படம் பார்க்கும் ஆப்கள் எல்லாம் அங்கேதான்; கேம் பக்கம் தேடினால் கிடைக்காது.

2. ஆப்பிள் டிவி ஆப்பைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள்.

3. திறந்ததும் உள்நுழையச் சொல்லும். கன்ட்ரோலரால் ஒவ்வொரு எழுத்தாகக் கடவுச்சொல்லை அடிப்பதைவிட, திரையில் வரும் குறியீட்டை ஃபோனில் பயன்படுத்துவது எளிது. இரண்டடுக்குப் பாதுகாப்பு எண் உங்கள் ஐஃபோனுக்கோ குறுஞ்செய்தியிலோ வரும். ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. படத்தைத் தேடுங்கள். தமிழ்ப் படப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டியிருக்கும். "ழ"வுக்கு "zh" எழுத்துகளை ஒருவர் போடுவார், "l" எழுத்தை இன்னொருவர் போடுவார். ஒரு எழுத்துக்கோர்வையில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள், அல்லது நடிகர் பெயரில் தேடுங்கள்.

5. காசு கட்டுமுன் படத்தின் பக்கத்தில் கடைசிவரை கீழே இறங்குங்கள். ஒலி மொழி, துணையெழுத்து மொழி என்று எழுதியிருக்கும். இது முக்கியம். படப்பெயர் தமிழாக இருந்தும் ஒலி இந்தி டப்பிங்காக இருப்பது உண்டு. பாட்டிக்குத் தமிழ் ஒலியும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத் துணையெழுத்தும் வேண்டும் என்றால், இரண்டும் அங்கே எழுதியிருக்க வேண்டும். முன்னோட்டக் காட்சியில் துணையெழுத்து தெரிந்ததை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

6. வாடகை, வாங்குதல் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில படங்களுக்கு வாங்குதல் மட்டுமே இருக்கும். பொத்தானே காணவில்லை என்றால் கன்சோலோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே கணக்கில் ஐஃபோனிலோ, விண்டோஸ் கணினியிலுள்ள ஆப்பிள் டிவி ஆப்பிலோ வாங்கிவிட்டு, கன்சோலில் ஆப்பை மூடித் திறங்கள். நூலகத்தில் படம் வந்து நிற்கும்.

எக்ஸ்பாக்ஸிலும் இதே வழிதான். ஆப்பை ஸ்டோரில் தேடி இறக்குவது மட்டும் வித்தியாசம். யூடியூபுக்கு: ஃபோனில் அல்லது கணினியில் படத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு, கன்சோலின் யூடியூப் ஆப்பில் அதே கூகுள் கணக்கோடு உள்நுழைந்து, உங்கள் படங்கள் பகுதியைத் திறங்கள். வீட்டில் மூன்று பேர் கணக்கு ஒரே ஆப்பில் இருந்தால், யார் காசு கட்டினாரோ அவர் கணக்குக்கு மாறினால்தான் தெரியும்.

யூடியூபில் இன்னொன்று. பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றை உரிமையுள்ள நிறுவனங்களே தங்கள் சானலில் முழுதாக, விளம்பரத்தோடு, இலவசமாகப் போட்டிருக்கின்றன. வாடகைப் பொத்தானைத் தட்டுமுன் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். உரிமை இல்லாதவர் ஏற்றியதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்: படம் இடவலம் மாறியிருக்கும், ஓரம் வெட்டியிருக்கும், பாட்டு வரும்போது சத்தம் காணாமல் போயிருக்கும்.

வாடகையின் கெடு

ஆப்பிளிலும் யூடியூபிலும் விதி பொதுவாக ஒன்றுதான். வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு 48 மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்கு முதல்முறை "பிளே" தட்டினால் ஞாயிறு இரவு 9 வரை. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுத்தி வைத்தாலும், மின்சாரம் போனாலும், கன்சோலை அணைத்தாலும் அந்த நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். படம் சரியாக ஓடுகிறதா என்று "சும்மா ஐந்து நொடி" பார்ப்பதும் தொடங்கியதாகத்தான் கணக்கு. சோதிக்க வேண்டுமென்றால் முன்னோட்டத்தை ஓட்டிப் பாருங்கள்.

வாடகைப் படத்தை ஐஃபோனில் பதிவிறக்கி வைத்தால் கன்சோலில் ஓட மறுக்கலாம், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான். ஃபோனிலிருந்து அதை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். ஆப்பிளில் வாங்கிய படத்தைக் குடும்பப் பகிர்வு மூலம் இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். வாடகைப் படத்தை முடியாது.

வாடகையா, வாங்குவதா? ஒருமுறை பார்க்கும் படத்துக்கு வாடகையே போதும். "வாங்குதல்" என்ற பொத்தான் தருவது உரிமம் மட்டும். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீசன்கள் அந்த மாத இறுதியோடு நூலகத்திலிருந்து போய்விடும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியபின் உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. குறைந்தது 30 மாதங்களுக்கு நீடிக்கும் என்றார்கள். அதற்கு முன்பே, 2022-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்டுடியோகனால் என்ற நிறுவனத்தின் படங்கள், வாங்கியவர்களிடமிருந்து உண்மையிலேயே போயின. பிள்ளைகள் நூறு தடவை பார்க்கும் கார்ட்டூன் என்றால் வாங்குங்கள். மற்றதற்குக் கைக்காசை வீணாக்காதீர்கள்.

இணையம், டேட்டா, மின்சாரம்

இன்றைய கன்சோல் ஆப்கள் படத்தை வட்டில் பதிவிறக்கி வைப்பதில்லை, பார்க்கும்போதே இழுக்கின்றன. பிஎஸ்3, பிஎஸ்4 காலத்தில் இருந்த "இரவில் இறக்கிவைத்துக் காலையில் பார்" என்ற வசதி இங்கே இல்லை. இணையம் இருக்கும்போதுதான் படம் இருக்கும். பதிவிறக்கியே தீரவேண்டும் என்றால் ஐஃபோனில், ஐபேடில் இறக்கி, எச்டிஎம்ஐ அடாப்டர் வழியாக டிவிக்குக் கொடுப்பதுதான் வழி. அதில் கன்சோலுக்கு வேலையில்லை. 5 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய 67 நிமிடம், 25 எம்பிபிஎஸ்ஸில் 27 நிமிடம் ஆகும்.

எவ்வளவு டேட்டா போகும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு: எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் எச்டியில் 7.5 ஜிபி, 4கேயில் 17.5 ஜிபி. வாடகைக் கடைகளின் பிரதிகள் இதைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. ஃபைபர் வீடுகளுக்கு இது ஒன்றுமில்லை. எல்டிஇ ரூட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டைப் பாருங்கள். முதலாவது, உங்கள் டேட்டா "எனிடைம்" எவ்வளவு, "நைட்" எவ்வளவு. நைட் டேட்டா நள்ளிரவுக்குப் பின்தான் என்பதால் மாலையில் பார்க்கும் படம் எனிடைமைத் தின்றுவிடும். இரண்டாவது, அன்லிமிடெட் என்று விற்றாலும் எஃப்யுபி என்ற நியாயப் பயன்பாட்டு வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் படம் மங்கலாகவும் திக்கித் திக்கியும் வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். கன்சோலைக் குறை சொல்லாதீர்கள்.

வேகத்தைக் கன்சோலிலேயே அளக்கலாம். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ், டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ். 1080பிக்கு 8 எம்பிபிஎஸ், 4கேக்கு 25 எம்பிபிஎஸ் நிலையாக இருந்தால் நிம்மதி. ஃபோனில் 50 காட்டுகிறது, கன்சோலில் 9 காட்டுகிறது என்றால் வைஃபைதான் சிக்கல்: 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், அல்லது ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுங்கள். செங்கல் சுவர்கள் இரண்டு நடுவே இருந்தால் கேபிள்தான் கதி.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச் இறுதியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்தது என்றாலும், 2025-இல் சில தடவை திரும்பி வந்தது. இடி மின்னலும் இருக்கிறது. ஃபைபர் வீட்டில் சுவரோரம் இரண்டு பெட்டிகள் இருப்பதைப் பாருங்கள்: கம்பி வந்து சேரும் ஓஎன்டி ஒன்று, ரூட்டர் ஒன்று. மினி யுபிஎஸ் வாங்கும் பலர் ரூட்டரை மட்டும் அதில் மாட்டிவிட்டு இணையம் வரவில்லையே என்கிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். வாங்குமுன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் படித்து, யுபிஎஸ்ஸின் எண்களோடு ஒப்பிடுங்கள்.

கன்சோலுக்கும் டிவிக்கும் மினி யுபிஎஸ் போதாது, இன்வெர்ட்டர் வேண்டும். கேம் ஆடும்போது 200 வாட் வரை இழுக்கும் பிஎஸ்5, படம் ஓட்டும்போது அதைவிட மிகக் குறைவாகத்தான் இழுக்கும். டிவியின் வாட்டைப் பின்புற லேபிளில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். திடீரென்று மின்சாரம் போய்வந்தால் பிஎஸ்5 "முறையாக அணைக்கவில்லை" என்று சொல்லிச் சேமிப்பகத்தைச் சரிபார்க்கும். அதை இடையில் நிறுத்தாதீர்கள். மின்வெட்டு அட்டவணை கையில் இருக்கும் நாட்களில் ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்துவிடுவது நல்லது.

திரை கறுத்தால், படம் மங்கினால்

கேம் நன்றாக ஓடுகிறது, படம் மட்டும் கறுப்புத் திரை அல்லது பிழைச்செய்தி என்றால் எச்டிசிபியைச் சந்தேகியுங்கள். காப்புரிமைப் பாதுகாப்பான இது அணைந்திருந்தால் வீடியோ ஆப்கள் ஓடாது. கேமைப் பதிவுசெய்ய கேப்சர் கார்டு மாட்டும் பிள்ளைகள் இதை அணைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ, எனேபிள் எச்டிசிபி. கேப்சர் கார்டைக் கழற்றிவிட்டு டிவிக்கு நேரே கொடுங்கள்.

4கே படம் 1080பியாகவே வந்தால் நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர், ஸ்பிளிட்டர், பழைய கேபிள் எல்லாவற்றையும் பாருங்கள். கன்சோல் முதல் டிவி வரை ஒவ்வொன்றும் எச்டிசிபி 2.2-ஐ ஏற்க வேண்டும். ஒன்று பழசாக இருந்தாலும் மொத்தமும் கீழிறங்கும். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் 4கேயை ஏற்பதில்லை, துளை மாற்றிப் பாருங்கள். பிஎஸ்5-இல் டால்பி விஷன் என்ற உயர்தரப் படவண்ண வசதி கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் உண்டு. எக்ஸ்பாக்ஸில் கேமரா நகரும் காட்சிகள் லேசாக உதறினால் வீடியோ மோட்ஸில் "அலவ் 24 ஹெர்ட்ஸ்" பெட்டியில் டிக் போடுங்கள்.

பிள்ளைகள் கையில் கன்ட்ரோலர்

கன்சோலில் வைக்கும் செலவு வரம்பும் எக்ஸ்பாக்ஸின் பாஸ்கீ என்ற ரகசிய எண்ணும் அந்தந்தக் கன்சோல் கடையைத்தான் காக்கும். ஆப்பிள் டிவிக்குள், யூடியூபுக்குள் நடக்கும் கொள்முதலை அவை தடுக்காது. இது பலருக்குப் பில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி ஆப்பிள் கணக்கிலும் கூகுள் கணக்கிலும் தனித்தனியே அமையுங்கள். வயதுக் குறிகளைப் பொறுத்தவரை நம் நாட்டு எஃப்பிபி வாரியத்தின் 10-12 பிஜி, 13, 16, 18 என்ற வரிசை தெரிந்ததே. ஆப்பில் வேறு நாட்டுக் குறி இருந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் படத்தைப் பற்றி இரண்டு வரி படியுங்கள்.

முன்பே வாங்கியவை

பிளேஸ்டேஷனில் பழைய கொள்முதல்கள் பிஎஸ்4, பிஎஸ்5, மொபைலில் பார்க்கலாம் என்பது கடையை மூடும்போது சோனி சொன்னது. மைக்ரோசாஃப்டில் வாங்கியவை எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் மூவீஸ் அண்ட் டிவி ஆப்பில் ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் மட்டும் 2024 ஜூலை 29-ஓடு நின்றுவிட்டது. வாங்கியதை வேறு கடைக்கு மாற்றித் தரும் மூவீஸ் எனிவேர் சேவை அமெரிக்கக் கணக்குகளுக்கு மட்டும்.

என்றைக்கும் கையில் இருக்கவேண்டிய படமென்றால் டிஸ்க். டிஸ்க்குகளுக்கு ரீஜன் என்ற வட்டாரப் பூட்டு உண்டு: தென்னாப்பிரிக்கா டிவிடியில் ரீஜன் 2, புளூரேயில் பி; இந்தியா 5, சி. ஊரிலிருந்து கொண்டுவரும் தமிழ் டிவிடிகள் பலவும் எல்லா ரீஜனுக்கும் ஓடுபவை, ஆனால் புளூரே வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் டிஸ்க் பார்க்கப் புளூரே பிளேயர் ஆப்பை முதலில் இறக்க வேண்டும். சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போடும் இடமே இல்லை.

பணம் திரும்ப

தவறான மொழி, ஓடாத படம், பிள்ளை தட்டிய கொள்முதல்: ஆப்பிளில் "ரிப்போர்ட் எ ப்ராப்ளம்" பக்கத்தில் உள்நுழைந்து, காரணத்தைத் தேர்ந்து, அந்தக் கொள்முதலைக் குறித்து அனுப்புங்கள். யூடியூபில் கொள்முதல் பட்டியலிலிருந்து கேட்கலாம். படத்தை ஓட்டாமல் இருந்து உடனே கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; முக்கால் படம் பார்த்துவிட்டுக் கேட்டால் குறைவு. பிழைச்செய்தி வந்தால் திரையைப் படமெடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கன்சோல் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்துப் பயனில்லை. காசு வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும். வங்கியில் நேரே தகராறு எழுப்பிப் பணத்தை இழுத்துக்கொண்டால் அந்தக் கணக்கையே கடை முடக்கிவிடக்கூடும், அதோடு முன்பு வாங்கியவையும் முடங்கிவிடும். ஆகவே அது கடைசியில்.